அண்டார்டிகாவில் பனி ஏறிய கதை: கடல் திறந்ததும் காற்றில் கரி குறைந்ததும்

2010இல் ‘ஜாய்டிஸ் ரெசல்யூஷன்’ என்ற துளையிடும் கப்பல் கிழக்கு அண்டார்டிகாவின் வில்க்ஸ் நிலக் கரைக்கு அப்பால் கடலடியைத் துளைத்து, சேற்றை உருளை உருளையாக மேலே கொண்டுவந்தது. அதில் ஏறக்குறைய 5.3 கோடி ஆண்டு பழைய அடுக்கில் பனைக் குடும்பத்து மரங்களின் மகரந்தம் கிடைத்தது. கூடவே, நம்மூர் இலவ மரத்துக்கும் மன்னாரில் நிற்கும் பெருக்க மரத்துக்கும் உறவான மரங்களின் மகரந்தமும் இருந்தது. உறைபனி தொடர்ந்து விழுந்தால் இந்த மரங்கள் பட்டுப்போகும். ஆக, சூரியனே எட்டிப்பார்க்காத குளிர்கால இருட்டிலும் அந்தக் கரையோரம் உறையவில்லை. அங்கே குளிர்கால வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தது என்பது அந்த மகரந்தத்தை ஆராய்ந்தவர்களின் கணிப்பு.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அண்டார்டிகா அன்றைக்கும் தென்துருவத்தில்தான் இருந்தது. கடந்த பத்துக் கோடி ஆண்டுகளாக அது துருவத்தை விட்டுப் பெரிதாக நகரவில்லை. ‘கண்டம் துருவத்துக்கு நகர்ந்தது, அதனால் பனி மூடியது’ என்று பள்ளிப் பாடத்தில் படித்த விளக்கம் இந்த இடத்தில் நிற்காது. நிலம் நகரவில்லை, பனி மட்டும் வந்தது. வந்த காலமும் ஓரளவு துல்லியமாகத் தெரியும்: 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன், அதாவது இயோசீன் காலம் முடிந்து ஒலிகோசீன் தொடங்கும் எல்லையில். புவியியல் கணக்கில் கண்ணிமைக்கும் நேரமான நாலைந்து லட்சம் ஆண்டுகளுக்குள் அந்த மாற்றம் நடந்து முடிந்துவிட்டது.

நகர்ந்தவை அண்டார்டிகாவைச் சுற்றியிருந்த மற்ற கண்டங்கள். ஆஸ்திரேலியா பிரிந்தது, தென் அமெரிக்கா பிரிந்தது, இந்தியா வெகு முன்பே பிரிந்து ஆசியாவில் போய் மோதியது. இந்த நகர்வுகளில் எது பனியைக் கொண்டுவந்தது என்பதுதான் கேள்வி.

துருவத்தில் இருப்பது போதாது, ஆனால் வேண்டும்

கண்டம் எங்கே இருக்கிறது என்பதற்கே மதிப்பில்லை என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. திறந்த கடலில் கிலோமீட்டர் உயரத்துக்குப் பனி ஏற முடியாது. அதற்கு அடியில் நிலம் வேண்டும். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாகத் தென்துருவத்தைச் சுற்றிக் கிடந்தபோது அதன் மேல் பெரும் பனிப்படலங்கள் வளர்ந்தன. ஒடிசாவின் தால்சேரில் நுண்ணிய களிமண்ணுக்குள் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் புதைந்து கிடக்கும் படிவம் அதற்குச் சாட்சி. ஆறு சுமந்துவந்த படிவு இப்படி இருக்காது. நீர் கல்லையும் களிமண்ணையும் எடை பார்த்துப் பிரித்துத்தான் போடும்; பனியோ இரண்டையும் ஒன்றாக இழுத்துவந்து கொட்டும். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் அருகே இராய் ஆற்றங்கரையில், இந்தப் படிவத்துக்கு அடியில் உள்ள பாறையில் பனி இழுத்த கீறல்களும் உண்டு.

தால்சேர் கற்கள் பனி கொண்டுவந்தவையாக இருக்கலாம் என்று 1856இல் முதலில் சொன்னவர்கள் பிளான்ஃபோர்டு சகோதரர்கள். அவர்களில் இளையவரான ஹென்றி பிளான்ஃபோர்டு பிறகு திருச்சிப் பக்கத்துக் கடற்படிவப் பாறைகளை வரைபடமாக்கினார். 1875இல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானதும், இமயமலைப் பனிக்கும் பருவமழைக்கும் தொடர்பு தேடியதும் அவர்தான். நிலம், கடல், காற்று மூன்றையும் ஒரே ஆள் தொட்டுப் பார்த்த காலம் அது.

ஒரு நிலம் முன்பு எந்த அட்சரேகையில் இருந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது அதிலுள்ள மேக்னடைட் என்ற காந்தக் கனிமத் துகள்கள் அன்றைய காந்தப்புலத்தின் சாய்வைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாய்வுக் கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பைப் பாதியாக்கினால் அது அட்சரேகையின் டேன்ஜெண்ட். சாய்வு 45 டிகிரி என்றால் அட்சரேகை ஏறக்குறைய 27 டிகிரி. வழக்கமாகத் தவறு நேரும் இடம், இதே முறையைச் சேற்றுப் பாறையில் பயன்படுத்தும்போதுதான். மேலே படிவு ஏற ஏறச் சேறு நசுங்கும், துகள்களும் படுத்துவிடும். அப்போது சாய்வு குறைவாகத் தெரியும், அந்த நிலம் உண்மையில் இருந்ததைவிட நிலநடுக்கோட்டுக்கு நெருக்கமாக இருந்ததுபோல் விடை வரும். அந்த நசுங்கலுக்கான திருத்தத்தைச் செய்யாத பழைய வரைபடங்களை நம்பிக் காலநிலைக் கணக்குப் போடக் கூடாது.

கடல் வாசல்கள்

கடலின் மேல் மூன்று மீட்டர் நீர் பிடித்துவைக்கும் வெப்பம், மொத்தக் காற்றுமண்டலமும் பிடித்துவைக்கும் வெப்பத்துக்குச் சமம். கடலின் சராசரி ஆழமோ சுமார் 3,700 மீட்டர். எனவே கடல் எந்த வழியாக ஓடுகிறது என்பது காலநிலைக்கு முக்கியம்தான். அதற்காகக் கடல்தான் வெப்பத்தை எல்லாம் துருவத்துக்குச் சுமக்கிறது என்று நினைப்பதும் பிழை. வெப்பமண்டலத்தில் கடலின் பங்கு பெரிது. நடு அட்சரேகைகளைத் தாண்டியபின் பெரும்பகுதியைச் சுமப்பது புயல்களும் காற்றும்தான்.

1977இல் ஜேம்ஸ் கென்னட் முன்வைத்த கருத்து இன்றும் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. ஆஸ்திரேலியா விலகியதால் டாஸ்மேனியா பக்கம் ஒரு வாசல் திறந்தது. தென் அமெரிக்கா விலகியதால் டிரேக் நீரிணை திறந்தது. இரண்டும் திறந்ததும் தென்கடல் அண்டார்டிகாவை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற முடிந்தது. அந்தச் சுற்றோட்டம் வெப்பமான வடக்கு நீரைத் தடுத்து, கண்டத்தைத் தனிமைப்படுத்திக் குளிர வைத்தது.

இதன் இயற்பியல் அழகானது. பூமி சுழல்வதால், கடலுக்குள் நீர் வடக்கு தெற்காகத் தொடர்ந்து ஓட வேண்டுமென்றால் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே அழுத்த வேறுபாடு வேண்டும். அந்த வேறுபாட்டைத் தாங்கிப்பிடிக்க இரு பக்கமும் நிலம் என்ற சுவர் வேண்டும். டிரேக் நீரிணை இருக்கும் அட்சரேகைகளில் உலகத்தைச் சுற்றிவந்தாலும் ஒரு சுவர்கூட இல்லை. ஆகவே கடலடி மேடுகளுக்கு மேலே உள்ள நீர், சராசரியாகத் தெற்கே போக வழியற்று கிழக்கே ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏறக்குறைய 800 கி.மீ. அகலமுள்ள அந்த நீரிணை வழியாக இன்று நொடிக்கு 13 முதல் 17 கோடி கன மீட்டர் நீர் பாய்கிறது. உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலில் கொட்டுவது நொடிக்கு வெறும் 12 லட்சம் கன மீட்டர் அளவுதான்.

ஆனாலும் தனிமை முழுமையானது அல்ல. ஓட்டத்திலிருந்து கழன்று சுழலும் நூறு கி.மீ. அளவுச் சுழல்கள் வெப்பத்தைத் தெற்கே கடத்திக்கொண்டுதான் இருக்கின்றன. இச்சுழல்களைக் கணக்கில் எடுக்க முடியாத அளவுக்குக் கட்டம் பெரிதான கணினி மாதிரிகள், வாசல் திறந்ததன் விளைவைத் தவறாகக் காட்டிவிடக்கூடும்.

கென்னட் கருத்துக்கு இதைவிடப் பெரிய சிக்கல் தேதிகளில் இருக்கிறது. டாஸ்மேனிய வாசலில் ஆழம் குறைந்த ஓட்டம் ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆழமான வாசல் திறந்தது சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன். அதுவரை சரி, பனி வந்த காலத்தோடு பொருந்துகிறது. டிரேக் நீரிணைதான் பிடிகொடுக்காது. தென் அட்லாண்டிக்கில் கிடைத்த மீன் பற்களின் நியோடிமியம் ஐசோடோப்பு விகிதம், பசிபிக் நீர் 4.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அட்லாண்டிக்குள் கசிந்ததைக் காட்டுகிறது. பசிபிக்கைச் சுற்றி இளம் எரிமலைப் பாறைகள், அட்லாண்டிக்கைச் சுற்றி முதிய கண்டப் பாறைகள். இரண்டின் நியோடிமியமும் வேறு. கடலடியில் விழுந்த பல் அந்த நீரின் முத்திரையை வாங்கிக்கொள்கிறது. மறுபக்கம், கண்டங்களைச் சுமக்கும் நிலத்தட்டுகளின் நகர்வைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பவர்களில் சிலர் ஆழமான நீரிணை 3 கோடி ஆண்டுக்குப் பிறகுதான் வந்தது என்கிறார்கள். ஒரு தேதிப்படி பார்த்தால் வாசல் திறந்து 70 லட்சம் ஆண்டு பனி வரவில்லை. மற்றதன்படி, வாசல் திறக்கும் முன்பே பனி வந்துவிட்டது. காரணம் என்று ஒன்றைச் சொன்னால் அது நிகழ்ச்சிக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டாமா? அதனால்தான் வாசல் ஒன்றையே காரணமாக எழுதும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை.

காற்றில் கரி குறைந்த விதம்

2003இல் ராபர்ட் டிகான்டோவும் டேவிட் பொல்லார்டும் ஒரு கணினிச் சோதனை செய்தார்கள். கரியமில வாயுவை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்து, அண்டார்டிகாவில் பனி எப்போது பிடிக்கிறது என்று பார்த்தார்கள். தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைப்போல் 2.8 மடங்கு, அதாவது பத்து லட்சத்தில் ஏறக்குறைய 750 பங்குக்குக் கீழே வந்ததும் பனி சட்டென்று பரவியது. டிரேக் நீரிணையைத் திறந்துவைத்தால் அந்த வரம்பு கொஞ்சம் மேலே போனது. மூடினால் கொஞ்சம் கீழே. வாசலின் வேலை அவ்வளவுதான். காற்றில் கரி நிறைந்திருந்தால், வாசல் முழுக்கத் திறந்திருந்தாலும் பனி நிற்காது.

பனி பரவுவது சட்டென்று நடப்பதற்குக் காரணம், அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்வது. தொடக்கம் கிழக்கு அண்டார்டிகாவின் நடுவே உள்ள கம்பூர்த்செவ் மலைகள் போன்ற உயரங்களில். 1958இல் சோவியத் பயணக்குழு நில அதிர்வுக் கருவியால் கண்டுபிடித்த அந்த மலைத்தொடரின் சிகரங்கள்கூட இன்று நூற்றுக்கணக்கான மீட்டர் பனிக்குக் கீழே புதைந்திருக்கின்றன. குளிர்காலத்தில் விழுந்த பனி கோடையில் உருகாமல் தப்பிவிட்டால் மறு ஆண்டு அதன்மேல் இன்னொரு அடுக்கு விழும். மேற்பரப்பு உயரும். ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் காற்று 6 முதல் 7 டிகிரி குளிரும், அடுத்த கோடையில் உருகுவது இன்னும் குறையும். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்புவது தனி. இங்கே தீர்மானிப்பது குளிர்காலக் கடுமை அல்ல. கோடை எவ்வளவு மிதமாக இருக்கிறது என்பதுதான். பூமியின் சுற்றுப்பாதை தெற்குக் கோடையை மிதமாக்கிய காலமாக அது அமைந்ததும் சேர்ந்துகொண்டது.

சரி, கரியமில வாயு ஏன் குறைந்தது? கண்டங்கள் உண்மையில் பெரிய வேலை செய்வது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

எரிமலைகளும் கடலடிப் பிளவுகளும் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் கார்பனை வெளியே விடுகின்றன. காற்றிலும் கடலிலும் சேர்ந்து இருப்பது ஏறக்குறைய 40 லட்சம் கோடி டன். வகுத்துப் பாருங்கள்: 4 லட்சம் ஆண்டு. வெளியேற்றும் வழி ஒன்று இல்லாவிட்டால் 4 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை இன்றைய இருப்பின் அளவு மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போகும்; கோடி ஆண்டுகளில் பூமி வெந்துபோயிருக்கும். வெளியேற்றும் வழி பாறைச் சிதைவு. மழைநீர் காற்றின் கரியமில வாயுவைக் கரைத்து மென்மையான அமிலமாகிறது. அது கால்சியமும் மெக்னீசியமும் உள்ள சிலிக்கேட் பாறையை அரிக்கிறது. கரைந்தவை ஆற்றோடு கடலுக்குப் போகின்றன. அங்கே உயிரினங்கள் ஓடு கட்டுகின்றன. ஓடு சுண்ணாம்புக்கல்லாகப் புதைகிறது. பாறையை அரிக்கும்போது இரண்டு மூலக்கூறு கரியமில வாயு செலவாகிறது. ஓடு கட்டும்போது ஒன்று திரும்ப வெளியாகிறது. நிகரம் ஒன்று புதைகிறது.

இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. முதலாவது, சுண்ணாம்புக்கல் கரைவதையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது. சுண்ணாம்புக்கல் கரையும்போது எடுக்கும் கரியமில வாயுவை, அதே சுண்ணாம்பு கடலில் மறுபடி ஓடாகும்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நீண்ட காலத்தில் வரவும் செலவும் பூச்சியம். இரண்டாவது தவறு நுட்பமானது: ‘இமயமலை எழுந்தது, சிதைவு அதிகமாயிற்று, கரி குறைந்தது’ என்பது. சிதைவின் மொத்த அளவு எரிமலை தரும் அளவைவிட வெறும் பத்து சதவீதம் கூடுதலாகச் சில கோடி ஆண்டு ஓடினால்கூடக் காற்றும் கடலும் காலியாகிவிடும். ஆகவே மொத்தச் சிதைவு எரிமலை வரவுக்குச் சமமாகத்தான் நிற்க முடியும். மாறுவது வேறொன்று: அதே அளவு சிதைவை நடத்த எவ்வளவு வெப்பமும் எவ்வளவு கரியமில வாயுவும் தேவைப்படுகிறது என்பது. எளிதில் சிதையும் பாறை மழை பெய்யும் இடத்தில் வெளியே கிடந்தால், குறைந்த கரியமில வாயுவிலேயே, குளிர்ந்த பூமியிலேயே அந்த வேலை முடிந்துவிடும். 1981இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் மூவரும் எழுதிய தானியங்கிச் சமநிலை இதுதான்: சூடேறினால் மழையும் சிதைவும் கூடி இழுத்துப்பிடிக்கும், குளிர்ந்தால் சிதைவு தளர்ந்து எரிமலை மெல்ல நிரப்பும்.

இப்போது இந்தியாவின் பயணத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். அண்டார்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் விட்டுப் பிரிந்தது சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன். மடகாஸ்கரை விட்டது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன். 6.6 கோடி ஆண்டு வாக்கில் தக்காண எரிமலைக் குழம்பு பெருகி, மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில் இன்றும் இரண்டு கி.மீ. தடிமனுக்கு அடுக்கடுக்காக நிற்கிறது. இன்று மிச்சமிருக்கும் பரப்பே சுமார் 5 லட்சம் சதுர கி.மீ. அந்தச் சமயத்தில் இந்தியத் தட்டு ஆண்டுக்கு 15 செ.மீ.க்கு மேல் வடக்கே ஓடியது. இன்றைய வேகம் 5 செ.மீ.தான். தென் அரைக்கோளத்தில் பீறிட்ட பசால்ட் பாறை, நிலநடுக்கோட்டின் கொட்டும் மழைக்குள் நேராகப் போய்ச் சேர்ந்தது. பசால்ட்டில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். கிரானைட்டைவிடப் பல மடங்கு வேகமாகச் சிதையும்.

வரவுப் பக்கமும் குறைந்தது. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த டெத்திஸ் கடலின் அடித்தளம், வெப்பமண்டலக் கடல்களுக்கே உரிய சுண்ணச் சேற்றைச் சுமந்துகொண்டு ஆசியாவுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆழத்தில் வெந்த சுண்ணாம்பின் கரியமில வாயு எரிமலை வழியாகத் திரும்பி வந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டத்தோடு கண்டம் மோதியதும் அந்த ஆலை நின்றுபோனது. இரண்டையும் சேர்த்து ஒரே வாதமாக 2008இல் வைத்தவர்கள் டென்னிஸ் கென்டும் ஜொவான்னி முட்டோனியும். பூமி மிக வெப்பமாக இருந்த உச்சம் 5.3 முதல் 4.9 கோடி ஆண்டு வரை. அப்போது கரியமில வாயு பத்து லட்சத்தில் 1,000 பங்குக்கு மேல். அதற்குப் பிறகுதான் நீண்ட சரிவு தொடங்குகிறது. மோதலும் சரிவும் அடுத்தடுத்து நிற்கின்றன.

அரியலூர்ப் பக்கம் இந்த வேதியியலைக் கையில் தொட்டுப் பார்க்கலாம். இந்தியா பிரிந்தபின் காவிரிப் படுகைக்குள் கடல் நுழைந்தது. காரை கிராமத்துச் செம்மண் பள்ளங்களில் அம்மோனைட் ஓடுகள், கல்லங்குறிச்சியில் தடித்த சிப்பிகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். ஏழு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காற்றிலிருந்து கழன்ற கரி அந்தச் சிப்பிகளில் இருக்கிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். சிமெண்டு ஆலையில் நடப்பது, டெத்திஸ் தளம் ஆசியாவுக்கு அடியில் வெந்ததன் அதே வேதிவினை.

ஆர்க்டிக்கையும் சொல்லாமல் விட முடியாது. 4.9 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் சூழ்ந்து ஆர்க்டிக் கடலை ஏறக்குறைய ஏரியாக்கிவிட்டிருந்தன. ஆறுகள் கொட்டிய நன்னீர் மேலே மிதந்தது. 2004இல் ஆர்க்டிக் கடலடியில் உள்ள லொமொனோசொவ் முகட்டைத் துளைத்தபோது, மீட்டர் கணக்கில் அடுக்கடுக்காகக் கிடைத்தது அசோலா. நெல் வயலில் தழைச்சத்துக்காக விடுகிறோமே, மாட்டுக்குத் தீனியாகத் தொட்டியில் வளர்க்கிறோமே, அதே பேரினத்துப் பெரணி. ஏறக்குறைய 8 லட்சம் ஆண்டு, திரும்பத் திரும்ப அது கடலை மூடியிருக்கிறது. அடியில் ஆக்சிஜன் இல்லாததால் மக்காமல் புதைந்தது. கரியமில வாயுவை அது மட்டுமே இறக்கிவிட்டது என்று சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். ஆனால் கடலின் வடிவம் மாறினால் கரிக் கணக்கும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது.

ஓடுகளைப் படிப்பது

இத்தனைக்கும் ஆதாரம் கடலடிச் சேற்றில் கிடக்கும் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் உயிரின் ஓடு. சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் நீர் விட்டு அலச வேண்டும். களிமண் போய்விடும், ஓடுகள் தங்கும். மிதமான சூட்டில் உலர்த்தி, நுண்ணோக்கிக்குக் கீழே ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஒரே இனத்தையே பொறுக்க வேண்டும். சிபிசிடாய்டஸ், யுவிஜெரினா என்ற இரண்டு பேரினங்களும் ஒரே நீரில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தாலும் அவற்றின் ஆக்சிஜன்-18 அளவில் ஆயிரத்தில் 0.64 பங்கு வேறுபாடு உண்டு. கலந்துவிட்டால் இரண்டரை டிகிரிக்கு மேல் பொய்யான வெப்பநிலை மாற்றம் தெரியும். பொறுக்கிய ஓட்டைப் பாஸ்பாரிக் அமிலத்தில், 70 டிகிரிச் சூட்டில் கரைத்து, வரும் கரியமில வாயுவை நிறை நிறமாலைமானியில் அளப்பார்கள்.

குளிர்ந்த நீரில் ஓடு கனமான ஆக்சிஜன்-18ஐக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறினால் 4 டிகிரிக்குச் சற்று மேல் குளிர்ந்தது என்று கொள்ளலாம். நிலத்தில் பனி சேர்ந்தாலும் அதே திசையில்தான் ஏறும், ஏனெனில் இலேசான ஆக்சிஜன்-16 எளிதில் ஆவியாகிப் பனியில் போய்ச் சிறைப்படும், கனமானது கடலில் தங்கும். இரண்டும் ஒரே பக்கம் இழுப்பதுதான் தலைவலி.

3.4 கோடி ஆண்டு எல்லையில் ஆழ்கடல் ஓடுகளில் இந்த அளவு ஆயிரத்தில் 1.2 முதல் 1.5 பங்கு வரை ஏறுகிறது. அதுவும் இரண்டு படிகளாக, ஒவ்வொன்றும் சுமார் 40,000 ஆண்டில். இன்று அண்டார்டிகாவிலும் கிரீன்லாந்திலும் உள்ள பனி அத்தனையும் உருகினால்கூடக் கடல்நீரின் அளவு ஏறக்குறைய 1 பங்குதான் குறையும். ஆகவே அந்த ஏற்றம் முழுவதையும் பனிக் கணக்கில் எழுத முடியாது. கடலும் குளிர்ந்திருக்க வேண்டும். சரிபார்க்க இன்னொரு வெப்பமானி உண்டு: ஓட்டிலுள்ள மெக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதம், குளிர்ந்தால் குறையும். அளந்து பார்த்தால் அது குறையவில்லை! கடல் குளிரவே இல்லை என்றது. சில ஆண்டுகள் இது பெரும் புதிராக இருந்தது. வடதுருவத்திலும் அப்போதே பெரும்பனி இருந்ததோ என்று தேடினார்கள்.

விடை சேற்றின் நிறத்திலேயே இருந்தது. நிலநடுக்கோட்டுப் பசிபிக்கில் எடுத்த உருளையில் அந்த எல்லைவரை சேறு பழுப்பு நிறம், அதில் சுண்ணம் இல்லை. எல்லையைத் தாண்டியதும் வெளிறி, சுண்ண ஓடுகள் நிறைந்த வெள்ளைச் சேறாகிறது. ஆழ்கடலில் ஒரு மட்டத்துக்குக் கீழே ஓடுகள் கரைந்துபோகும். அந்தக் கரையும் மட்டம் பசிபிக்கில் ஒரு கி.மீ.க்கு மேல் கீழே இறங்கியிருந்தது. பனி ஏறிக் கடல்மட்டம் தாழ்ந்ததும் கரையோரத்து ஆழமற்ற பரப்புகள் வெளியே தலைகாட்டின. அங்கே படிந்துகொண்டிருந்த சுண்ணம் ஆழ்கடலுக்கு இடம் மாறியது. ஆழ்நீரில் கார்பனேட் கூடியது. கார்பனேட் கூடிய நீரில் ஓடு மெக்னீசியத்தையும் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். குளிரால் குறைந்ததை இது ஈடுகட்டி மறைத்துவிட்டது. இந்தச் சிக்கல் எட்டாத ஆழமற்ற கடற்படிவுகளை, தான்சானியாவில் களிமண்ணுக்குள் பொதிந்து கண்ணாடிபோல் கெடாமல் கிடந்த ஓடுகளை அளந்தபோது இரண்டரை டிகிரி குளிர்ச்சி வெளியே வந்தது. மீதிதான் பனி. கணக்கு சரியாக அமைந்தது.

அதே தான்சானியா ஓடுகள் இன்னொரு தவறையும் திருத்தின. கடல் மேற்பரப்பில் வாழ்ந்து செத்து விழுந்த ஓடு, குளிர்ந்த கடலடியில் கிடந்து மெல்ல மறுபடிகமாகும். அடிநீரின் குளிரைத் தன்மேல் எழுதிக்கொள்ளும். அதை அளந்தவர்கள், துருவமே சூடாக இருந்த காலத்தில் வெப்பமண்டலம் மட்டும் இன்றைவிடக் குளிர்ந்திருந்தது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். அந்த வெப்பநிலைகள் பொய். மங்கலாக, சர்க்கரைத் துகள்போல் தெரியும் ஓட்டை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடித் தெளிவுள்ளதை மட்டும் எடுக்க வேண்டும் என்பது இன்று பாலபாடம்.

ஆழ்நீர் இறங்குவது துருவக் கடல்களில் என்பதால், பசிபிக் நடுவே கிடைக்கும் அடிக்கடல் ஓடு அண்டார்டிகக் கரையின் குளிர்கால வெப்பநிலையைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. பனை வளர்ந்த காலத்தில் அடிநீர் 12 டிகிரிக்குக் குறையவில்லை. இன்று அது 2 டிகிரியை ஒட்டி நிற்கிறது.

வடக்கே பனி வந்தது மிகவும் பின்னால், சுமார் 27 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அங்கும் வாசல் கதை ஒன்று உண்டு, இம்முறை மூடிய வாசல். பனாமா நிலச்சந்தி எழுந்து அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் பிரித்தது. இறுதியாக மூடியது சுமார் 28 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்பது வலுவான கணிப்பு. வணிகக் காற்று அட்லாண்டிக்கின் ஈரத்தைச் சந்தியைத் தாண்டிப் பசிபிக்கில் கொட்டுகிறது. அந்த நீர் கடல்வழியே திரும்ப முடியாததால் கரிபியனில் உப்பு ஏறியது. உப்பு நீர் வடக்கே போய்க் குளிர்ந்தால் கனத்து மூழ்கும். அட்லாண்டிக் ஓட்டம் வலுக்கும். வடக்கே ஈரம் போனது பனிப்பொழிவுக்கு உதவும், கூடவே போன வெப்பம் பனியை உருக்கும். இரண்டில் எது மிஞ்சும் என்பது கரியமில வாயுவைப் பொறுத்தது. அதே காலத்தில் அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது.

கரியமில வாயு ஏறும்போது அண்டார்டிகா வந்த வழியே திரும்பாது என்பதையும் டிகான்டோ, பொல்லார்டு செய்ததைப் போன்ற கணினி மாதிரிகள் காட்டுகின்றன. 3.4 கோடி ஆண்டுக்கு முன் பனி பிடித்தது வெறும் தரையில். இன்று கிழக்கு அண்டார்டிகாவின் நடுப்பகுதியில் பனியின் மேற்பரப்பு 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்குள்ள ரஷ்ய ஆய்வு நிலையமான வாஸ்தோக் 3,488 மீட்டரில். அந்த உயரமே 20 டிகிரிக்கு மேல் குளிர்ச்சியைத் தருவதால், அங்குள்ள பனியைக் கரைக்க, பிடிக்க வைத்த 750 பங்கைவிட அதிகக் கரியமில வாயு வேண்டியிருக்கும். மேற்கு அண்டார்டிகாவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே பனியின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள தரையில் உட்கார்ந்திருக்கிறது. அதை அரிப்பது மேலே உள்ள காற்று மட்டுமல்ல. டிரேக் நீரிணை வழியாகக் கண்டத்தைச் சுற்றிவரும் அதே ஓட்டத்தின் ஆழத்திலிருந்து மேலேறி, உறைநிலைக்கு இரண்டு மூன்று டிகிரி மட்டுமே மேலே உள்ள நீர், கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடியான கண்டத்திட்டின் பள்ளங்கள் வழியாகப் பனியின் அடிவரை போய்ச் சேர்கிறது.